அரிசி இருக்கா என்று கேட்டோம், ஊசி இருக்கா என்று கேட்கவில்லை

(ஊரப்பாக்கத்தில் நடந்த நமது கூட்டமைப்பின் புரட்டாசி மாதக் கூட்டத்தில், களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். ஊக்குநர்கள் இதைத் தங்கள் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கலாம்.)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். சிலர் எழுந்து கிளம்பப் பார்க்கிறீர்கள். ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். இன்றைக்குப் பேசப்போவது பணத்தைப் பற்றி இல்லை, நம் உடம்பைப் பற்றி.

இப்போது புரட்டாசி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அது முடிந்தால் மார்கழிப் பனி. மலை ஊர்களில் அடிக்கிற குளிர் நமக்குக் கிடையாது. ஜனவரி ராத்திரியில்கூட நம் பக்கம் சராசரியாக 20, 21 டிகிரிதான். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் சுகர், பி.பி., ஆஸ்துமா, மூட்டுவலி, தைராய்டு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு என்று வருஷக்கணக்காக மாத்திரையோடு வாழ்கிறவர்களுக்கு ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் உள்ள நாலு மாசம் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நமக்குக் குளிர் தனியாக வருவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து வருகிறது. நந்திவரம் ஏரி நிரம்பி, அடையாற்றிலும் தண்ணீர் ஏறினால், நம் தாழ்வான நகர்களில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 2 காலை வரைக்குமான ஒரே நாளில் பக்கத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. 2021 நவம்பரிலும் பார்த்தோம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் பார்த்தோம்.

எங்களுடைய தவறு

மிக்ஜாம் சமயத்தில் நடந்த ஒன்றை இன்றைக்குச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட அக்கா சம்மதம் கொடுத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார்.

புயல் அடித்த மறுநாள், நாங்களும் இரண்டு குழுப் பெண்களும் முட்டிக்கால் தண்ணீரில் வீடு வீடாகப் போனோம். கையில் பால் பவுடர், பிரெட், மெழுகுவர்த்தி. ஒரு நோட்டும் வைத்திருந்தோம். அரிசி இருக்கா, குடிக்கத் தண்ணீர் இருக்கா, சின்னக் குழந்தைங்க இருக்கா என்று கேட்டு எழுதினோம். அந்த அக்கா வீட்டுக்கும் போனோம். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் குறை இல்லைம்மா, மத்தவங்களைப் பாருங்க" என்றார். நாங்களும் நோட்டில் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

அவர் ஏழு வருஷமாக இன்சுலின் போடுகிறவர். அது குழுவில் யாருக்கும் தெரியாது. கீழ் வீட்டு ஃபிரிட்ஜ் தண்ணீரில் மிதந்தபோது இன்சுலினும் அதோடு போய்விட்டது. "ரெண்டு நாள் ஊசி போடலைன்னா என்ன, சரியா சாப்பிடவும் இல்லையே" என்று அவர் நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வாந்தி. நாலாம் நாள் மூச்சு வாங்கி, பேச்சு குழறி, டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் அழுக்குத் தண்ணீரில் நடந்தபோது காலில் குத்திய ஏதோ ஒன்று அவருக்கு உறைக்கவே இல்லை. அந்தப் புண் ஆறாமல், பொங்கலுக்கு முன்னால் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பிறகு பார்க்கப் போனபோது, "ஏன்க்கா எங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் எங்களுக்கு இன்றும் மறக்கவில்லை. "நீங்க அரிசி இருக்கான்னு கேட்டீங்க. ஊசி இருக்கான்னு கேக்கலையே."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "சீக்காளின்னு தெரிஞ்சா அடுத்த கடன் கொடுக்க யோசிப்பாங்கன்னு பயம்மா."

சகோதரிகளே, முதல் பதில் எங்கள் தவறு. இரண்டாவது பதில் நம் எல்லோருடைய தவறு. இன்றைய பேச்சு முழுக்க இந்த இரண்டு பதிலுக்காகத்தான்.

குளிர் உடம்புக்குள் என்ன செய்கிறது?

காரணம் தெரிந்தால் கவனம் தானாக வரும். அதனால் சுருக்கமாகச் சொல்கிறோம்.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் பி.பி. ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். வெயில் காலத்தில் கட்டுக்குள் இருந்த பி.பி. மார்கழியில் எகிறுவது இதனால்தான். "போன மாசம் நார்மல்தானே" என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஐப்பசியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறையாவது பி.பி. பாருங்கள்.

ஆஸ்துமாவும் நெஞ்சுச் சளியும் உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று மூச்சுக் குழாயைச் சுருக்கும். அதோடு புகையும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காக ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு உள்ளே கொசுவர்த்தி ஏற்றுகிறோம். துணி காயவில்லை என்று வீட்டுக்குள் கொடி கட்டுகிறோம், சுவரில் பூஞ்சை பிடிக்கிறது. தீபாவளிக்குப் பட்டாசுப் புகை. போகி அன்றைக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை. ஊரே மூட்டமாகி விமானம் இறங்க முடியாத போகிகள் இருந்திருக்கின்றன. விமானத்துக்கே அந்தக் கதி என்றால் நம் நுரையீரல் என்ன ஆகும்? ஆஸ்துமா உள்ள வீட்டில் கொசுவலை கட்டுங்கள், கொசுவர்த்தி வேண்டாம். போகி அன்று விடிகாலை வெளியே வராதீர்கள். டயர் எரிக்காத தெரு என்று குழுவாகச் சேர்ந்து சொல்லலாம், அதற்குச் செலவே கிடையாது. இன்ஹேலர் பயன்படுத்துகிறவர்கள் ஒன்று தீரும் முன்பே இன்னொன்று வாங்கி வையுங்கள். தினமும் எடுக்கச் சொன்னதைத் தினமும் எடுங்கள். "பம்பு பழகிடும்" என்று பயந்து மூச்சுத் திணறும்போது மட்டும் எடுக்கிறவர்கள்தான் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனை 1928 முதல் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயிலில் போய் இறங்கும் தூரம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மழை விடட்டும் என்று காத்திருக்காமல் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

சுகர் உள்ளவர்களுக்குச் சளி, காய்ச்சல் வந்தாலே சர்க்கரை ஏறும், அரை வயிறு சாப்பிட்டாலும் ஏறும். அதனால் "சாப்பிடலை, அதனால ஊசி போடலை" என்பது ஆபத்து. அளவைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அதேபோல் மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டு சாப்பாடு கிடைக்காமல் போனால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுகர் பல வருஷம் இருந்தால் காலில் உணர்ச்சி குறையும். முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. குளிருக்கு வெந்நீர்ப் பை வைத்துத் தூங்கி, காலையில் கொப்புளத்தோடு எழுந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். சாக்ஸ் போடுங்கள், போர்வை போர்த்துங்கள். நெருப்பும் வெந்நீர்ப் பையும் காலுக்கு வேண்டாம். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். இறங்க வேண்டி வந்துவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரைக்கும் துடைத்து, வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை தேவையா என்று நர்சம்மாவிடம் கேளுங்கள்.

மூட்டுவலிக்கு ஒரு எச்சரிக்கை. குளிரில் வலி கூடும், உண்மைதான். அதற்காக மருந்துக் கடையில் "வலி மாத்திரை கொடுங்க" என்று கேட்டு நாள் கணக்கில் முழுங்காதீர்கள். பல வலி மாத்திரைகள் பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சளிக்குக் கடையில் கொடுக்கிற சில மாத்திரை, டானிக்கும் பி.பி.யை ஏற்றும். "எனக்கு பி.பி. இருக்கு, சுகர் இருக்கு" என்று சொல்லி, டாக்டர் எழுதியதை வாங்குங்கள்.

மார்கழிக் கோலத்தை விடச் சொல்லவில்லை. நான்கரை மணிக்குப் பனியில் குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் போட வேண்டாம் என்கிறோம். வெயில் எட்டிப் பார்த்த பிறகு, சின்னக் கோலமாக, காதை மூடிக்கொண்டு போடுங்கள். கோலத்தில் மணி எழுதி இருக்காது!

இன்னொன்று, குளிருக்குக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத விஷக் காற்று அதில் உண்டாகும். தூக்கத்திலேயே உயிர் போகும்.

மழைக்கு முன்னால் கட்ட வேண்டிய பை

வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் ஏற்றப் பழகிவிட்டோம். 2015 அதைக் கற்றுக்கொடுத்தது. அதே பரணில் இன்னொரு பையும் ஏற வேண்டும்.

அதில் இருக்க வேண்டியவை இவை. குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரை, பழையது முன்னால், புதியது பின்னால். மருந்துச் சீட்டின் ஜெராக்ஸ், ஏனென்றால் "வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்" என்று சொன்னால் எந்த டாக்டராலும் மருந்து கொடுக்க முடியாது. காப்பீட்டுத் திட்ட அட்டை நகல். மூக்குக் கண்ணாடி. டார்ச். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். சர்க்கரை ஒரு டப்பா. ஊசியும் பஞ்சும். ஒரு ஜோடி சாக்ஸ், மப்ளர், கனமான போர்வை. செருப்பு.

இன்சுலின் பற்றிப் பலருக்குச் சந்தேகம் இருக்கிறது. பிரிக்காத பாட்டிலை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃபிரீசரில் கூடாது. உறைந்துபோன இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது. பிரித்துப் பயன்படுத்துகிற பாட்டிலுக்கு ஃபிரிட்ஜ் கட்டாயமில்லை. வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் பெரும்பாலான வகைகள் சுமார் நாலு வாரம் தாங்கும். அட்டைப்பெட்டியில் எத்தனை நாள் என்று போட்டிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நீண்ட நேரம் வராது என்று தெரிந்தால், பாட்டிலை ஈரம் புகாத கவரில் கட்டி ஒரு மண்பானைக்குள் வையுங்கள். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கி இருந்தாலோ, கட்டி கட்டியாகத் தெரிந்தாலோ போடாதீர்கள். கீழ் வீட்டில் இருப்பவர்கள், எச்சரிக்கை வந்தவுடன் முதலில் மாடிக்கு ஏற்ற வேண்டியது இன்சுலினைத்தான். டிவி பிறகு.

டயாலிசிஸ் செய்துகொள்கிற குடும்பங்கள் புயல் எச்சரிக்கை வந்ததுமே சென்டருக்குப் போன் போட்டு, ஒரு நாள் முன்னதாகச் செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். ரோடு அடைத்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நிவாரணமாக வரும் வாழைப்பழமும் இளநீரும் மற்றவர்களுக்கு நல்லது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. அதேபோல் நிவாரணப் பொட்டலத்தில் வருகிற ஊறுகாய் பி.பி. உள்ளவர்களுக்கு வேண்டாம். பிரெட்டும் பிஸ்கட்டும் சுகர் உள்ளவர்கள் அளவோடு சாப்பிட வேண்டியவை. பொட்டலம் கட்டுகிற இடத்தில் நம் பெண்கள்தானே நிற்கிறோம்? வேகவைத்த சுண்டல், முட்டை என்று கொஞ்சம் சேர்க்கச் சொல்லலாமே.

தண்ணீர் சூழ்ந்த நாட்களில் கக்கூஸ் போக வழி இல்லாமல் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறோம். வெட்கப்பட வேண்டாம், இது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஆனால் சுகர், பி.பி. மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கும். மாடி வீடு வைத்திருக்கிற உறுப்பினர்கள் அந்த நாட்களில் தங்கள் கக்கூஸைப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் திறந்துவிட முடியுமா என்று இப்போதே குழுவில் பேசி வையுங்கள்.

குழுவாக நாம் செய்ய வேண்டியது

பையை ஒவ்வொருவரும் தனியாகக் கட்டலாம். ஆனால் அந்த அக்காவுக்குப் பை இல்லாதது மட்டும் பிரச்சினை இல்லை. அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. இருபது வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து சேமித்த பெண்களிடம் சொல்ல முடியவில்லை. அதனால் மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, நோயைக் காரணம் காட்டி எந்த உறுப்பினருக்கும் கடன் மறுப்பதில்லை, தள்ளிப்போடுவதும் இல்லை என்று ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் இருந்தால்தான் பயம் போகும். மழை நாலு மாசத்துக்கு மருந்துக்கென்று சின்ன அவசரக் கடனுக்குக் கொஞ்சம் பணத்தை உள்கடனில் ஒதுக்கி வைக்கலாமா என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, துணை. நீண்டநாள் நோய் உள்ள ஒவ்வொருவருக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு துணை. யார் துணை என்பதை நோய் உள்ளவரே தேர்ந்தெடுக்கட்டும். துணையிடம் மருந்துச் சீட்டு ஜெராக்ஸ் ஒன்று இருக்கும். மழை எச்சரிக்கை வந்தால் துணை கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எத்தனை நாளைக்கு மருந்து இருக்கு?" என்ன நோய் என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. துணைக்கும் ஊக்குநருக்கும் தெரிந்தால் போதும். அதை வெளியே பேசினால், சீட்டுப் பணத்தைத் தொட்ட மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மருந்துக் கணக்கு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நமக்குத் தெரிந்ததுதான். சுகர், பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களில் இருந்து போனவர்கள். அவர்களில் இரண்டு பேர் இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊக்குநர்கள் அவர்களோடு உட்கார்ந்து, யார் யார் பதிவாகவில்லை, யாருக்கு மழைக்கு முன்னால் கூடுதல் மாத்திரை கேட்க வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். தண்ணீர் வந்தபிறகு வீடு தேடி வர அவர்களுக்கும் வழி இருக்காது.

அவசரத்துக்கு: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், நிற்காத வாந்தி. இதில் எது வந்தாலும் "வாயுப் பிடிப்பு, சுக்குக் கஷாயம் போதும்" என்று உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீரில் மாட்டிக்கொண்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த இரண்டு நம்பரையும் தீர்மான நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

நாங்களும் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். எங்கள் நோட்டை மாற்றிவிட்டோம். இனி வெள்ளத்தில் வீடு வீடாகப் போகும்போது அரிசி, தண்ணீர், குழந்தை என்ற மூன்று கட்டத்தோடு நாலாவதாக "தினசரி மருந்து" என்ற கட்டமும் இருக்கும். அந்தக் கட்டத்துக்கு என்ன வார்த்தை போடலாம் என்று அந்த அக்காவிடமே கேட்டோம். "நோய்னு போடாதீங்க, மருந்துன்னு போடுங்க, அப்பதான் சொல்லுவாங்க" என்றார். அப்படியே போட்டிருக்கிறோம். அவர் இப்போது தன் தெருவில் மூன்று பேருக்குத் துணையாக இருக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். புருஷனுடையது, மாமியாருடையது எல்லாம் எண்ணுவீர்கள், அது எங்களுக்குத் தெரியும். உங்களுடையதை முதலில் எண்ணுங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் துணைப் பட்டியலோடு வர வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன் அந்தப் பட்டியல் கூட்டமைப்புக்கு வந்து சேர வேண்டும்.